இன்னும் கொஞ்சம் இளைக்கணும்

"குடிடி!"

அவன் விட்ட அறையில் கண்ணாடி டம்ளர் பறந்துபோய்ச் சுவரில் உடைந்தது. சூடான கிரீன் டீ அவள் காலில் கொட்டியது.

"ஜிம் மாஸ்டர் பொண்டாட்டி பூசணிக்காய் மாதிரி இருந்தா, எடை குறைக்கணும்னு எவன் என்கிட்ட வருவான்?" முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். "இன்னொரு டம்ளர் போட்டு என் கண்ணு முன்னாடி குடி!"

உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு குடித்தாள். போனைப் பிடுங்கிக்கொண்டு, வீட்டை வெளியே பூட்டிவிட்டுத்தான் அவன் தினமும் வேலைக்குப் போவான்.

நாளாக ஆக அவள் மாறிப்போனாள். அவன் கை ஓங்கும் முன்பே டீ போட்டுக் குடித்தாள். தட்டில் இருந்த சோற்றிலும் பாதியை ஒதுக்கினாள்.

"நாலு போட்டதும் புத்தி வந்துடுச்சு பாத்தியா! போதுமா, இன்னும் இளைக்கணுமா?"

"இன்னும் கொஞ்சம் இளைக்கணுங்க."

அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் புது டீ பாக்கெட்டோடு வந்து பூட்டைத் திறந்தான். வீட்டில் அவள் இல்லை.

"எங்கடி ஒளிஞ்சிருக்கே?" பெல்ட்டை உருவிக்கொண்டு கட்டிலடி, அலமாரி என்று தேடியவன், குளியலறையில் அப்படியே நின்றுவிட்டான். சுவரின் மேலே இருந்த சின்ன வென்டிலேட்டரின் கண்ணாடிகளைக் கழற்றித் தரையில் அடுக்கியிருந்தாள். அந்த ஓட்டை வழியே தெரு தெரிந்தது.

வாசற்கதவை யாரோ பலமாகத் தட்டினார்கள்.

"போலீஸ்! உங்க மனைவி ஸ்டேஷன்ல இருக்காங்க. கதவைத் திறங்க!"

அவன் வாளியைக் கவிழ்த்து ஏறி, வென்டிலேட்டருக்குள் தலையை விட்டான். தோள் நுழையவில்லை.