பன்னிரண்டு வருஷம் பத்தாது

"பன்னிரண்டு வருஷமா? பத்தாது சார் இவளுக்கு! உள்ளேயே கிடந்து சாகட்டும்!"

போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள் கோழிப்பண்ணை சூப்பர்வைசரின் மனைவி. இடுப்பில் இரண்டரை வயது மகள். பின்னால் புருஷனும் தம்பியும்.

பெஞ்சில், பெண் போலீசுக்குப் பக்கத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. விலங்குகளுக்காகப் போராடுகிறேன் என்று மதில் ஏறிக் குதித்து, ஒரே மத்தியானத்தில் நாலாயிரம் கோழிகளைச் சாகடித்தவள் என்று ஊரெல்லாம் பேச்சு.

"கோழி மேல பாசமாம், பாசம்! கொலைகாரி!"

அந்தப் பெண் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அன்னிக்கு நான் கதவைத் தட்டினதுல பாப்பா பயந்துட்டாளா அக்கா?"

"யாருடி உனக்கு அக்கா?"

அந்தக் கோபம் ஒன்றும் சும்மா வந்ததில்லை. தம்பியின் வலது கையைப் பார்த்தவர்களுக்குப் புரியும். மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் வாட்ச்மேனாக இருந்தவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் விலங்குகளுக்காகப் போராடும் ஒரு கும்பல் உள்ளே பெட்ரோல் பாட்டில் வீசியதில், விரல்கள் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. இன்றைக்கும் சட்டைப் பொத்தானை அவன் பெண்டாட்டிதான் போட்டுவிடுகிறாள். இப்படி நாலைந்து இடங்களில் நடந்த பிறகுதான் பண்ணைகளுக்கும் ஆராய்ச்சிக்கூடங்களுக்கும் என்று தனிச் சட்டமே வந்தது. ஜாமீன் கிடையாது. பன்னிரண்டு வருஷம் வரை உள்ளே. நியாயமான சட்டம்தான், யார் குறை சொல்ல முடியும்?

இன்ஸ்பெக்டர் எல்லாரையும் உட்காரச் சொன்னார்.

"உங்க வீட்டுக்காரர் நேத்தே வாக்குமூலம் கொடுத்துட்டார். இன்னிக்கு நீங்க சொல்லுங்கம்மா."

"மத்தியானம் ரெண்டு மணி சார். சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் கண்ணசந்திருந்தோம். எங்க வீடு ஷெட்டை ஒட்டினாப்லதான். திடீர்னு கதவுல தடதடன்னு இடி. 'எழுந்திரிங்க, எழுந்திரிங்க'ன்னு ஒரே கத்தல். எங்க மூணு பேரையும் தீர்த்துக்கட்டத்தான் வந்திருக்கா. இவர்தான் அவளை மடக்கிப் பிடிச்சார். அப்புறம் ஷெட்ல போய்ப் பார்த்தா..." குழந்தையை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். "குஞ்சுலேருந்து நான் தீனி போட்டு வளர்த்தது சார்."

புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். அவளை மடக்கியதற்காக முதலாளி அவர் தோளைத் தட்டிக்கொடுத்த படம் பேப்பரில்கூட வந்திருந்தது.

"அவ என்ன கதை விடுறா தெரியுமா?" என்றார் இன்ஸ்பெக்டர். "வீடியோ எடுக்கத்தான் வந்தாளாம். வந்தப்பவே ஃபேன் எல்லாம் நின்னுபோயிருந்துச்சாம். மூடின ஷெட்ல சூடு தாங்காம கோழிங்க சாகறதைப் பார்த்துட்டு உங்களை எழுப்ப ஓடி வந்தாளாம்."

"புளுகு!" தம்பி சீறினான். "ஃபேன் நின்னா அபாய மணி காது கிழியற மாதிரி அடிக்குமே! மாமா ஓடிப் போய் அடுத்த நிமிஷமே ஃபேனைப் போட்டிருப்பாரே!"

"அங்கதான் மாட்டிக்கிட்டா." இன்ஸ்பெக்டர் மேஜை டிராயரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். "முதல்ல மணிக்குள்ள இதைத் திணிச்சிருக்கா. அப்புறம் ஃபேனை நிறுத்தியிருக்கா. எப்படிச் சத்தம் வரும்?"

உறைக்குள் கசங்கிப்போன மஞ்சள் துணி. ஓரத்தில் பச்சை நூலில் தையல்.

மஞ்சள் நூல் தீர்ந்துபோனதால் சூப்பர்வைசரின் மனைவி தானே பச்சை நூலில் போட்ட தையல்.

போன மாதம், "பழைய துணி இருந்தா ஒண்ணு குடு" என்று புருஷன் கேட்டார். மகளுக்குச் சின்னதாகிவிட்ட கவுனைக் கிழித்துக் கொடுத்தாள். வெயில் ஏறினால் சில நாள் ஷெட்டில் மெயின் சுவிட்ச் தானாக விழுந்து ஃபேன் நின்றுவிடும். மணி அலறும். தூங்குகிற குழந்தை வீறிட்டுக்கொண்டு எழும். "அந்தச் சனியன் பிடிச்ச மணியை என்னன்னு பாருங்களேன்" என்று நச்சரித்தது அவள்தான். அதன்பிறகு சத்தமே இல்லை. ரிப்பேர் பண்ணிவிட்டார் என்றல்லவா நினைத்திருந்தாள்!

புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயோ! அப்படியென்றால் அந்தப் பெண் கதவைத் தட்டியது கொல்வதற்கில்லை. மணி செய்ய வேண்டிய வேலையை அவள் செய்திருக்கிறாள். வந்த வழியே ஓடியிருந்தால் யார் கையிலும் சிக்கியிருக்க மாட்டாள், பைத்தியக்காரப் பெண்.

"இந்தத் துணியைப் பண்ணைப் பக்கம் எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?" இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். "இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். கேஸ் முடிஞ்சுது."

உண்மையைச் சொன்னால் புருஷன் உள்ளே போவார். வேலை போகும், வீடும் பண்ணை வீடு, அதுவும் போகும்.

"சொல்லுக்கா" என்று தம்பி அந்த ஒட்டிப்போன கையால் அவள் தோளைத் தொட்டான்.

அதற்குள் மடியிலிருந்து ஒரு பிஞ்சு விரல் உறையை நோக்கி நீண்டது.

"அம்மா! என் கவுனு!"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

அவள் சிரித்தாள். எப்படித்தான் சிரிப்பு வந்ததோ! குழந்தையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"மஞ்சளா எதைப் பார்த்தாலும் இவ கவுனுதான் சார். நேத்து ஒரு லாரியைக்கூட அப்படித்தான் சொன்னா. இந்தத் துணியை நான் பார்த்ததே இல்லை."

இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டார். எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

எல்லாரும் எழுந்தார்கள். வாசல்வரை போனவள், குழந்தையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தாள்.

"சார்... அந்தப் பன்னிரண்டு வருஷத்துல கொஞ்சம் குறைக்கச் சொல்ல முடியுமா? சின்னப் பொண்ணு சார்."