காவலர் ஏறும் வரை

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா, உடனே கப்பலை எடுத்துருவேன்" என்றார் கேப்டன். செங்கடலிலிருந்து அவர் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

அஃப்ரா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். சரக்குக் கப்பல்களுக்குத் துப்பாக்கிக் காவலர்களை ஏற்பாடு செய்யும் அவளுடைய அலுவலகம், கோவை ராம்நகரில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. நொய்யலைத் தாண்டித் தண்ணீர் பார்க்காத ஊரில் இதென்ன பிழைப்பு என்று சிரிக்காத சொந்தக்காரர் இல்லை. ஆனால் அவள் அனுமதி இல்லாமல் அந்தக் கப்பல் நகர முடியாது.

நான்கு காவலர்களை ஏற்றி வந்த படகு, கடல் கொந்தளிப்பில் பாதி வழியில் நின்றுவிட்டது. வந்து சேர இரண்டு நாளாகும். கேப்டனோ காத்திருக்க மாட்டேன் என்றார். கப்பலின் சீஃப் இன்ஜினியருக்கு ஞாயிற்றுக்கிழமை மகள் கல்யாணம். இப்போதே கிளம்பினால் சனிக்கிழமை கொச்சியில் இறங்கிவிடலாம். காவல் இல்லாமலே போகலாம் என்று மாலுமிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களாம். கொள்ளையர் வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி விரட்டிவிடுவார்களாம்.

போன மாதம் அப்படி நம்பிப் போன ஒரு கப்பலின் ஆட்கள் இன்னும் வீடு திரும்பவில்லை.

வழக்கமாக எதிலும் தலையிடாத முதலாளி வரதராஜுலு, எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"நீ என்ன சொன்னாலும் சரிதான், அம்மணி. போகச் சொன்னாலும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார் மெதுவாக.

அஃப்ராவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. சரி என்று சொல்ல வாய் வரை வந்தும்விட்டது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"வேண்டாமுங்க, சார். காவலர் ஏறாம நங்கூரம் எடுக்காதீங்க."

கேப்டனுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு ஈவு இரக்கமே கிடையாதாம்மா? அந்த மனுஷன் நாலு மாசமா நாளை எண்ணிக்கிட்டிருக்காரு. அவர்கிட்ட நான் சொல்லிருவேன். கல்யாணப் பொண்ணுக்கு யாரு பதில் சொல்றது?"

"அவ ஒத்துக்கிட்டாளுங்க, சார்" என்றாள் அஃப்ரா. "நிக்காஹை அடுத்த வாரத்துக்கு மாத்தி வெச்சுக்கறேனுங்க. எங்க அத்தாவைப் பத்திரமாக் கொண்டுவந்து சேருங்க."