வந்தாச்சு

ஐந்தாம் முறையும் அண்ணன் ஜெபக்குமார் பெயருக்கு நேரே கட்டம் காலியாகவே இருந்தது. ஷர்லி எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தாள்.

காலேஜில் இணையப் பக்கத்துக்கு ஃபார்ம் செய்யக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பழகிப் பார்க்க வீட்டு லேப்டாப்பில் அவளும் ஒன்று செய்தாள். கடலுக்குப் போனவரின் பெயரை அடித்து, 'வந்தாச்சு', 'வரலை' இரண்டில் ஒன்றைத் தொட்டு அனுப்ப வேண்டும். அனுப்பியது கீழே பட்டியலில் ஏறும்.

விடியற்காலை ஜெகதாப்பட்டினத்தில் கரை சேர்ந்த அண்ணனின் போட்டில் நாலு பேர். மூன்று பேருக்கு 'வந்தாச்சு' ஏறியது. அண்ணனுக்கு மட்டும் ஏறவில்லை. தான் எழுதிய புரோகிராமில்தான் தப்பு என்று நினைத்து, ஊரில் இல்லாத ஒரு பெயரைப் போட்டுப் பார்த்தாள். அதற்கும் ஏறியது.

"என்னடி, கதவப் பூட்டிக்கிட்டுத் தட்டிக்கிட்டே இருக்க?" வெளியே அண்ணன் கேட்டான். "என் பேரு ஏறிருச்சா?"

"இருண்ணே, வாரேன்."

சும்மா ஒரு சோதனைக்கு 'வரலை'யைத் தொட்டு அனுப்பினாள். முதல் தடவையே ஏறிவிட்டது. பதறிப்போய் அழித்தாள். பக்கத்தை மறுபடி திறந்தபோது அது அங்கேயே இருந்தது.

கதவின் கைப்பிடி மெல்ல இறங்கி ஏறியது.

"ஷர்லி, வந்தாச்சுன்னு போடும்மா. நீ போட்டாத்தான நான் உள்ள வர முடியும்?"

அண்ணன் ஒருநாளும் அவளை 'ம்மா' போட்டுக் கூப்பிட்டதில்லை. அம்மா மீமிசலுக்குப் போயிருந்தாள். அறைக்கு வேறு வாசலும் இல்லை. வெளியே நிற்பது அண்ணன்தானா என்று அவள் யாரிடம் போய்க் கேட்பாள்?