மூன்றாவது பூட்டு

அப்பா போன பிறகு, விற்கும்வரை யாரும் தனியாக உள்ளே போகக்கூடாது என்று பெரியண்ணன் வீட்டைப் பூட்டினான். அவனை நம்பாமல் சின்னண்ணன் இன்னொரு பூட்டுப் போட்டான். இருவரையும் நம்பாமல் மூன்றாவதை நான் போட்டேன்.

“படிச்ச திமிரு” என்றாள் பெரிய மதினி.

“படிக்கலன்னா கைநாட்டு வாங்கி என் பங்கையும் முழுங்கியிருப்பீங்க, மதினி.”

இன்று, வீட்டை வாங்க வந்தவர் முன்னால் மூன்று பூட்டையும் திறந்தோம். கதவு அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. வேறு வாசல் கிடையாது.

“எவன வச்சிருக்க உள்ள?” என்று பெரியண்ணன் என்மேல் பாய்ந்தான்.

“அத நீதாண்ணே சொல்லணும்.”

சின்னண்ணன் தன் பூட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் எனக்கு உறுத்தியது.

வந்தவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். உள்ளே யார் என்று ஒருவரும் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. அவரவர் பூட்டை எடுத்து மறுபடியும் மாட்டினோம். என்னுடையதை நான் இழுத்தும் பார்த்தேன்.