ஓடாத வண்டிக்கு ஆயில்

ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். தேன் நிறம்.

பதினைந்து வருடத்துப் பழைய பைக்கில் ஆயில் இப்படி இருந்தால் மற்றவர்கள் சந்தோஷப்படுவார்கள். நான் குச்சியைத் துடைத்து மறுபடியும் விட்டு எடுத்துப் பார்த்தேன்.

போன வண்டியும் இப்படித்தான் இருந்தது. விற்றவன் முந்தின நாள் புது ஆயில் ஊற்றி, எஞ்சின் சத்தத்தை அமுக்கி, என் தலையில் கட்டினான். பதினோராம் நாள் நடுரோட்டில் எஞ்சின் இறுகிப் போனது.

வீடு வீடாகப் போய் கேஸ் அடுப்பு சரிசெய்கிறவன் நான். இரண்டு மாதமாக டூல் பெட்டியைத் தோளில் சுமந்து நடக்கிறேன். பாதி வீட்டுக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த முறையும் ஏமாந்து வந்தால் அந்த வண்டியிலேயே குடித்தனம் நடத்திக்கொள்ளும்படி மனைவி சொல்லியனுப்பியிருந்தாள்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராதாம். அடுப்பை வைத்தே பிழைக்கிற பூனை என்ன செய்யும்? மோந்து மோந்து பார்த்துத்தான் வரும்.

விற்கிற பெண் ஷெட் ஓரமாக நின்றாள். நாற்பது வயதிருக்கும். வந்ததிலிருந்தே குசுகுசுவென்றுதான் பேசினாள். மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் வர வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருந்தாள். இப்போது இன்னொன்று: வண்டியைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டுமாம்.

சொந்த வண்டியை யாராவது இப்படி விற்பார்களா? வண்டிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அவள் பெயர்தான் இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தேன். தெளிவாக இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. நூற்றில் ஒருத்தர்கூட மாற்ற மாட்டார். முன் ஃபோர்க்கை நாலு தரம் அமுக்கினேன். சொட்டுக் கசிவு இல்லை. பேட்டரித் தண்ணீர் கோடுவரை நின்றது.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிய காலம் மலையேறிவிட்டது. சீட்டைத் தூக்கினேன்.

அடியில் மெக்கானிக் ஒட்டிய சர்வீஸ் அட்டை. மூன்று மாதத்துக்கு ஒரு தேதி, எஞ்சின் ஆயில் மாற்றியதாகக் கையெழுத்து, கிலோமீட்டர். மொத்தம் எட்டு வரி.

எட்டு வரியிலும் கிலோமீட்டர் ஒன்றேதான். 41,206.

மீட்டரைப் பார்த்தேன். 41,206.

மாட்டிக்கொண்டாயா! நின்ற இடத்திலேயே நிற்கிற வண்டிக்கு எந்த மடையன் எட்டு தடவை ஆயில் மாற்றுவான்? இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று வைத்தாலும் பதினாறாயிரம் ஓடியிருக்கிறது.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்களா?" என்று கத்தியே விட்டேன். "மீட்டரைக் கழட்டி வெச்சுட்டு ஓட்டியிருக்கீங்க!"

அவள் பதறிப்போய் வாயில் விரல் வைத்தாள். அதற்குள் ஷெட்டை ஒட்டிய ஜன்னலுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் வந்துவிட்டது.

"யாரு வந்திருக்கா? மெக்கானிக்கா?"

"ஆமாங்க, ஆயில் மாத்த வந்திருக்காரு" என்றாள், என்னைப் பார்த்துக் கைகூப்பியபடி.

என்னை வாசல் கேட்டுக்கு அருகே அழைத்துப் போய்ச் சொன்னாள். உள்ளே இருப்பது அவள் கணவன். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இரண்டு வருடமாக இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இனி எழுந்திருக்கவே மாட்டார் என்பதை டாக்டர் அவளிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார். எழுந்ததும் முதல் வேலையாக இந்த வண்டியை எடுப்பேன் என்கிறாராம். அதற்காகத்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெக்கானிக், புது ஆயில், ஜன்னலுக்கு வெளியே பத்து நிமிடம் எஞ்சின் சத்தம். மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குகிற நேரம் என்றுதான் என்னை இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறாள். மருந்துக்கு வேறு வழியில்லாமல்தான் விற்கிறாள்.

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து இங்க நின்னு ஸ்டார்ட் பண்ணிட்டுப் போயிடுங்கண்ணா. வண்டி இல்லேன்னு தெரிஞ்சா அவர் மனசு ஒடிஞ்சிடுவாரு."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சரி என்று தலையாட்டினேன். இன்னொரு சாவியை எடுத்து வர அவள் பின்கட்டுக்குப் போனாள்.

மெக்கானிக் மாதிரி இருக்கட்டும் என்று ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டினேன். ஜன்னல் திரை விலகியது. கட்டில் ஜன்னலை ஒட்டியே கிடந்தது. மெலிந்த முகம், சிரித்த கண்கள்.

"கிட்ட வாங்கண்ணே. மெக்கானிக் எங்கயாவது மீட்டருக்காகச் சண்டை போடுவாரா? வாங்க வந்தவர்தானே போடுவாரு!"

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் அருகே போனேன்.

"என் கால் திரும்பாதுன்னு எனக்குத் தெரியும். அவகிட்ட சொல்லிடாதீங்க. நான் எந்திரிச்சிடுவேன்னு நம்பித்தான் அவ தெம்பா ஓடிக்கிட்டிருக்கா."

உள்ளே அவள் செருப்புச் சத்தம் நெருங்கியது. அவர் திரையை இழுத்துக்கொண்டே அவசரமாகச் சொன்னார்.

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருப்பாளே, தவறாம வாங்க. ஆனா ஆயிலை நெஜமாவே மாத்திட்டு வாங்கண்ணே. பழசா இருந்தா சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சிடும்."