அழுகைக் காட்சி

"பேக்கப்! எல்லாத்தையும் கட்டுங்க!" தயாரிப்பாளர் திருஞானசம்பந்தம் கத்தினார். "தூறல் விழுது. பல்பு வெடிச்சா யாரு பதில் சொல்றது?"

எண்பத்திரண்டாம் வருடம், ஐப்பசி மாதம். கருக்களாச்சேரிக் கடற்கரையில் காற்று சுழன்றடித்தது. சாயங்காலமே இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஊரில் கரண்டும் இல்லை.

கடலுக்குப் போன கட்டுமரங்களில் ஒன்று மட்டும் திரும்பவில்லை. காசியம்மாவின் புருஷனும் மகனும் அதில் இருந்தார்கள். கரையில் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

டைரக்டர் சிலுவைராஜ் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பல வருஷம் கேமராமேனாக இருந்தவர். டைரக்டராக இதுதான் முதல் படம். அவரிடம் உதவியாளனாக இருந்த மன்சூர் அலிதான் இப்போது கேமராமேன்.

சிலுவைராஜ் தயாரிப்பாளரிடம் போனார்.

"சார், ஒரே ஒரு ஷாட். நிஜ அழுகை. எந்த நடிகையும் இப்படி அழ மாட்டா."

தயாரிப்பாளரின் முகம் மலர்ந்தது. "அட, ஆமாய்யா! போடு லைட்ட!"

மன்சூர் குறுக்கே வந்தான். "வேணாம்ண்ணே. ரெண்டு உசுரு என்னாச்சுன்னு தெரியாம துடிக்கிறாங்க."

"ஒனக்குப் பிடிக்கலன்னா தள்ளிக்க. கேமராவ நானே ஓட்டிக்கிறேன்."

ஜெனரேட்டர் உறுமியது.

"எல்லா லைட்டையும் கடல் பக்கம் திருப்புங்க!"

"அண்ணே, அவங்க முகத்துல வெளிச்சமே விழாதே?"

"எனக்கே லைட்டிங் சொல்லித் தர்றியா? திருப்பச் சொல்லு!"

டைரக்டரானதும் இரக்கத்தோடு தொழிலையும் மறந்துவிட்டாரா? மன்சூர் பல்லைக் கடித்துக்கொண்டான்.

காசியம்மா ஆவேசமாக ஓடி வந்தாள்.

"பக்கத்துத் தலத்தெரு ஊர்ப் புள்ள, நம்ம பக்கத்து ஆளுன்னு எடம் குடுத்தோமே! எங்க சாவு ஒனக்கு சினிமாவாடா?"

அள்ளி வீசிய மணல் சிலுவைராஜின் முகத்தில் அறைந்தது. அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. கேமராவில் கண்ணை வைத்தபடி, "லைட்ட அணைக்காதீங்க, ஷாட் முடியல" என்றார்.

மழை வலுத்தது. பல்பு ஒன்று படாரென்று வெடித்தது.

"போதும்யா!" என்று பதறினார் தயாரிப்பாளர்.

"கொஞ்சம் பொறுங்க சார். இப்பத்தான் நல்லா அழறாங்க."

யூனிட் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். லைட்மேன் ஒருவர் காறித் துப்பினார்.

"அந்தா! அந்தா பாருங்க!"

யாரோ கத்தினார்கள். வெளிச்சம் விழுந்த அலைக்கு நடுவே கட்டுமரம் எழும்பி வந்தது. மேலே இரண்டு பேர்!

ஊரே தண்ணீருக்குள் ஓடியது. காசியம்மா மகனைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"கரை எந்தப் பக்கம்னே தெரியலம்மா" என்றான் அவன் நடுங்கிக்கொண்டே. "வெளிச்சம் தெரிஞ்சுதான் திருப்புனோம்."

மன்சூருக்கு உயிர் வந்தது. ஆனாலும் சிலுவைராஜின் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. எடுத்த பிலிமைக் கழற்றுவதற்காகக் கேமராவைத் திறந்தான்.

உள்ளே பிலிமே இல்லை.

"அண்ணே... என்னண்ணே இது?"

சிலுவைராஜ் கண்ணிலிருந்த மணலை இப்போதுதான் துடைத்தார்.

"மெதுவாப் பேசுடா. ஷாட் சரியா விழலன்னு நாளைக்குச் சொல்லிக்கலாம். ஆள் கரை சேரணும், லைட்டப் போடுங்கன்னு கேட்டிருந்தா, அந்த மனுஷன் ஜெனரேட்டரத் தொட விட்டிருப்பாரா?"