பீப்பாய்க்கு வந்த கோபம்

ஊறுகாய்க் கிடங்குக்குப் புதிதாக வந்த பிளாஸ்டிக் டிரம்மைப் பார்த்ததும், மூலையில் இருந்த சின்ன மரப்பீப்பாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நேத்து வந்த பய. டிரம்மாம், டிரம்மு. வாய் நிறையத் தமிழ்ல ஒரு பேரு இருக்கா இவனுக்கு? இவனையும் நம்ம ஜனங்க கூசாமக் கூப்பிடுதுங்க பாருங்கண்ணே,” என்று பக்கத்திலிருந்த மிடாவிடம் பொருமியது. மிடா அந்தக் கிடங்கிலேயே பழைய, பெரிய மண்பானை.

“தம்பி, உன் பாட்டன் பறங்கிக்காரன் கப்பல்லேருந்து உருண்டு இறங்கினப்ப, ‘பீப்பாயாம், பீப்பாய்’னு எங்க ஆளுங்களும் இப்படித்தான் காறித் துப்பினாங்க. உன் பேரும் அவன் பாஷையிலேருந்து, அதே கப்பல்ல வந்ததுதான்,” என்றது மிடா.

பீப்பாய்க்கு அப்போதும் கோபம் இறங்கவில்லை.

“அது வேற விஷயம்ணே,” என்றது. “அப்ப இங்க இடம் இருந்துச்சு.”